பயணம் போகிறது நம் வீட்டுக் கோழி!



போன இதழில் கூழ்வடகம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அதில் ஒரு கடிதம் மட்டும் வடகத்தை இரண்டே வரியில் முடித்துக்கொண்டு வேறொரு விஷயத்துக்குத் தாவிவிட்டது. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு சென்னைக்கு மாற்றல் ஆயிடுச்சு. கொல்லையிலே ஆறு கோழி நிக்குது. விற்க மனசு வரலே, குழம்பு வைக்கவும் மனசு வரலே. கூடவே கூட்டிட்டுப் போனா உயிரோட போய்ச் சேருமா?"

சேரும் தங்கச்சி. ஆறும் உயிரோடு போய்ச் சேரும். கொஞ்சம் முன்யோசனை மட்டும் வேண்டும். இந்தக் கேள்வியை நேரில் என்னிடம் கேட்டவர்களும் உண்டு. பள்ளிக்கூட லீவு விட்டால் மாற்றல், வீடு மாறுவது, மகளைப் பேறுகாலம் முடிந்து கொண்டுபோய் விடுவது என்று எல்லாமே சித்திரை வைகாசியில்தானே வருகிறது! ஆகவே இந்த இதழில் கோழிப் பயணம்.

"ஒரு கோழிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்கலாம். எங்கள் திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர், வடமதுரை, நத்தம் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் வாசலில் பஞ்சாரம் கவிழ்த்திருக்கும். வயலும் வீடும் ஆம்பிளை பேரில் இருக்கும். கோழி மட்டும் வீட்டுப் பொம்பிளையுடையது. முட்டை விற்ற காசு, சேவல் விற்ற காசு எல்லாம் அஞ்சறைப் பெட்டிக்குள் போகும் சிறுவாட்டுப் பணம். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். 2018-ல் தமிழக அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு இலவசமாக நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டம் கொண்டுவந்ததும் இதை நினைத்துத்தான். ஆகவே கோழி செத்தால் ஒரு பெண்ணின் கைக்காசு போயிற்று என்று அர்த்தம். மனசு படுகிற பாடு வேறு.

எங்கள் அடுத்த தெரு அக்கா ஒருவர். மகள் சென்னைக்குப் பக்கத்தில் தனி வீடு பார்த்துக் குடியேறினாள். பேரனுக்கு வீட்டு முட்டை கிடைக்கட்டும் என்று அந்த அக்கா எட்டு விடைக்கோழிகளைக் கொடுத்து அனுப்பினார். சித்திரை மாசம். காலையில் வயிறு முட்டத் தீனி போட்டார். கால்களை ஜோடி ஜோடியாகக் கட்டினார். பெரிய கூடையில் எட்டையும் அடுக்கி, "காத்து அடிச்சா குளிருமே" என்று மேலே சாக்கைப் போட்டு இறுக்கித் தைத்து, காரின் பின்பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் ஓட்டலில் சாப்பிட்டு, சாயங்காலம் போய்த் திறந்து பார்த்தால், எட்டில் ஐந்து விறைத்துக் கிடந்தன. மகள் போனிலேயே அழுதாளாம். "பசியாலே செத்துச்சோ, தாகத்துல செத்துச்சோ, இன்னும் ரெண்டு கை கம்பு போட்டு விட்டிருக்கலாம்" என்று அந்த அக்கா மாசக்கணக்கில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பசியால் சாகவில்லை, சகோதரிகளே. தூரப் பயணத்தில் கோழியைக் கொல்வது வெக்கை. அதற்கு அடுத்தபடி காற்றில்லாமை. பட்டினி என்பது கடைசியில்தான் வரும். நல்ல நிலையில் உள்ள பெரிய கோழி ஒரு ராத்திரி தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். தினமும் கூண்டில் அடைத்த பிறகு விடியும்வரை அது என்ன தின்கிறது? ஆனால் காற்றில்லாத வெக்கையில் அரைமணி, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நாம் பாசத்தில் செய்கிற இரண்டு காரியங்கள், வயிறு நிறைய ஊட்டுவதும் இழுத்து மூடுவதும், அதன் உயிருக்கே உலை வைக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

கோழியின் உடம்பைத் தெரிந்துகொள்வோம்

நமக்கு உடம்புச் சூடு 98.4 டிகிரி. 102 ஆனால் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். கோழிக்குச் சாதாரணமாகவே 106, 107 டிகிரி! அதற்கு மேல் ஏறினால் தாங்க இடமில்லை. நமக்கு வியர்க்கும், கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மேலே இறகுப் போர்வை வேறு. கொண்டை, தாடி, கால் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். மிச்சத்துக்கு அது வாயைத் திறந்து மூச்சு வாங்கி, மூச்சுக் காற்றோடு ஈரத்தை வெளியே தள்ளித்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும்.

மண்பானைத் தண்ணீர் கோடையில் ஜில்லென்று இருக்கிறது, அடைமழைக் காலத்தில் அப்படி இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? காற்று ஏற்கெனவே ஈரமாய் இருந்தால் பானையில் கசியும் நீர் ஆவியாகாது, அதனால் குளிராது. மூடிய கூடைக்குள் நடப்பதும் அதேதான். எட்டுக் கோழி மூச்சு விட்டு விட்டு உள்ளே நீராவி கட்டிவிடுகிறது. பிறகு எவ்வளவு வாயைப் பிளந்தாலும் சூடு இறங்காது. போதாததற்கு, அப்போதுதான் தின்ற தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். வயிறு முட்டத் தின்ற கோழி வெக்கையில் முதலில் சாய்வது இதனால்தான்.

இன்னொன்று. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவுகிற உதரவிதானத் தசை இருக்கிறது. கோழிக்கு அது இல்லை. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்குக் காற்று உள்ளே போய் வெளியே வரும். குழந்தைகள் ஆசையாய் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு முட்டும். காலைக் கட்டித் தலைகீழாய்த் தொங்கவிட்டால் வயிற்றிலுள்ள உறுப்புகள் எல்லாம் சரிந்து காற்றுப் பைகளை அழுத்தும். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்டுக்கும் கோழிக்கும் ஆட்கள் வருவார்கள். சந்தையில் வாங்கிய கோழியை வண்டிக் கைப்பிடியில் தலைகீழாய் மாட்டிக்கொண்டு போவது எல்லா ஊரிலும் கண்ணுக்குப் பழகிப்போன காட்சிதான். குழம்புக்குப் போகிற கோழியானாலும் அது வதைதான். வளர்க்கப் போகிற கோழிக்கோ பாதி உயிர் வழியிலேயே போய்விடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

கோழிப் பயணத்துக்குச் சட்டமா என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது! 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-ல் பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன. 2001-ல் அதில் கோழிகளுக்கென்றே தனிப் பகுதி சேர்த்தார்கள். கோழிக்கு நோயில்லை, பயணம் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரவேண்டும். ஏற்றும் முன் தீனியும் தண்ணீரும் காட்டியிருக்க வேண்டும். கோடையில் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்ட வேண்டும். சேவலையும் பெட்டையையும் ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது. சாலையில் போகும்போது கூண்டின் மேல் கூண்டு அடுக்கக் கூடாது. ரயிலில் 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கூடவே ஓர் ஆள் போகவேண்டும். படித்துப் பார்த்தால், நல்ல கோழிக்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி எழுதியதுபோல் இருக்கிறது.

இரண்டு வாரம் முன்பே...

கிளம்புகிற அன்றைக்குக் கோழியைத் தேடிப் பிடித்தால் காரியம் கெட்டது. இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. 1920-களின் கடைசியில் வடக்கே குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் என்ற ஊரில் நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதால், இதை ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். வந்துவிட்டால் மருந்து கிடையாது, பஞ்சாரத்தோடு காலி. பயண அலுப்பில் கோழியின் எதிர்ப்புச் சக்தி இறங்கும். உள்ளே பதுங்கியிருந்த நோய் அப்போதுதான் தலைதூக்கும். ஊசி போட்டு உடம்பில் பலன் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் முதல் நாள் போட்டு மறுநாள் கிளம்புவதில் அர்த்தமில்லை. கால்நடைத் துறையார் வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துவார்கள். தவறவிட்டவர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கேயே குடற்புழு மருந்து, சான்றிதழ் எல்லாவற்றையும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

பறவைக் காய்ச்சல் இருக்கிற நேரமானால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோழி கொண்டுபோகத் தடை வரும். 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எல்லையில் கோழி வண்டிகளைத் தடுத்துச் சோதனை போட்டார்கள். கம்பம், குமுளி வழியாக மலையாளப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எல்லாக் கோழியும் பயணத்துக்கு ஆகாது. அடையில் உட்கார்ந்திருப்பது, இறகு உதிர்த்துக்கொண்டிருப்பது, தூங்கி வழிவது, மூக்கில் சளி வடிவது, கண்ணில் பொங்கு கட்டியது, இவற்றை விட்டுவிடுங்கள். தாயின் சிறகுக்குள் ஒண்டுகிற குஞ்சுகளையும் பிரித்து ஏற்றக் கூடாது.

"அப்படியென்றால் பொறித்த மறுநாளே குஞ்சுகளைப் பெட்டியில் அனுப்புகிறார்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். இதை நம்பித்தான் அமெரிக்காவில் 1918-லிருந்து ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள்! ஆனால் அது பொறிப்பகத்துக்காரர்கள் அதற்கென்று செய்த பெட்டியில் கதகதப்புப் பார்த்து அனுப்புவது. ஒரு வாரக் குஞ்சுக்கு அந்தக் கட்டுச்சோறு தீர்ந்திருக்கும். கதகதப்புக்குத் தாய் வேண்டும். வீட்டில் அந்த விஷப் பரீட்சை வேண்டாம்.

இன்னொரு சுலபமான வழியும் உண்டு. நமக்கு வேண்டியது அந்த வம்சம்தான் என்றால் கோழிக்குப் பதில் முட்டையைக் கொண்டுபோகலாம்! சேவலோடு சேர்ந்து திரிந்த கோழி இட்ட, ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது உதவாது. வாளியில் உமியைக் கொட்டி, கூர்முனை கீழே இருக்கும்படி ஒன்றோடொன்று முட்டாமல் புதைத்து, மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். போனதும் ஒரு நாள் அசையாமல் ஆறவிட்டு, அங்கே ஓர் அடைக்கோழியை இரவல் வாங்கி வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு. பழைய சிநேகிதியின் பேத்திகள் கிடைத்த மாதிரி!

கூண்டு எப்படி இருக்கணும்?

2001 விதிப்படி 115 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 45 உயரமுள்ள கூண்டில் 12 பெரிய கோழிகள் போகலாம். அதில் பாதி, அதாவது இரண்டடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஆறு கோழி. கோடையானால் அந்த ஆறை நாலாகக் குறையுங்கள் என்பேன். கோழி நிற்கலாம், உட்காரலாம், திரும்பலாம். பறந்து மோத இடமிருக்கக் கூடாது. ரொம்பப் பெரிய கூண்டும் ஆபத்து, வண்டி திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும்.

மூங்கில் கூடை, கம்பிக் கூண்டு, தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் சரி, நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். அட்டைப் பெட்டிதான் கிடைத்தது என்றால் மேலே மட்டும் ஓட்டை போட்டால் போதாது. எதிரெதிர்ப் பக்கங்களில் ரூபாய் நாணய அளவில் வரிசையாகத் துளை போடுங்கள். தரையில் பேப்பர் விரிக்காதீர்கள். எச்சம் பட்டதும் வழுக்கும், கால் அகன்று நரம்பு பிசகும். பழைய சாக்கை விரித்து மேலே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் போட்டால் கால் ஊன்றி நிற்கும். சிறுமலைக்கு ஏறுகிற 18 கொண்டை ஊசி வளைவு மாதிரிப் பாதையில் போகிறவர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

சேவலுக்குத் தனிக் கூண்டு. இரண்டு சேவல் என்றால் இரண்டு கூண்டு. அவர்கள் சண்டைக்கு இடம், பொருள், ஏவல் எதுவும் பார்க்கமாட்டார்கள். காலைக் கட்டவே வேண்டாம். ரத்த ஓட்டம் நின்று கால் வீங்கும். வண்டி குலுங்கினால் சமாளித்து எழுந்து நிற்கவும் முடியாது.

தீனியும் தண்ணீரும்

ராத்திரிப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். காலையிலும் மத்தியானமும் வழக்கம்போலக் கம்பு, சோளம், குருணை போடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தீனி வேண்டாம். கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், கல்லு மாதிரி இருந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். தண்ணீர் மட்டும் ஏற்றுகிற நிமிஷம்வரை இருக்கட்டும்.

வழியில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சிந்தி வைக்கோல் நனைந்துவிடும். வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்தோ, தர்பூசணித் துண்டோ போட்டுவிட்டால் கொத்திக் கொத்தி ஈரம் எடுத்துக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திக் கிண்ணத்தில் தண்ணீர் காட்டி, குடித்ததும் எடுத்துவிடுங்கள்.

எப்போது கிளம்பலாம்? எதில் போகலாம்?

சூரியன் போன பிறகுதான். எங்கள் ஊரில் சித்திரையில் மத்தியான வெயில் என்னவென்று சொல்லவே வேண்டாம். ராத்திரி எட்டு ஒன்பதுக்குப் புறப்பட்டால் சென்னை ஏறக்குறைய 420 கிலோமீட்டர், விடிகாலையில் போய்ச் சேரலாம். ராத்திரியில் இன்னொரு சௌகரியம்: இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அதனால் மிரளாது. அடைந்த பிறகு சத்தம் போடாமல் போய், இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்துத் தாங்கி, அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி வையுங்கள். பகலில் துரத்திப் பிடித்த கோழி கிளம்பும்போதே இளைத்துப் போயிருக்கும்.

கார் என்றால் மூடிய பின்பெட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே, ஆட்கள் இருக்கிற பக்கம், கூண்டு ஆடாமல் கட்டி வையுங்கள். ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. சரக்கு வண்டி என்றால் கூண்டை டிரைவர் கேபினுக்குப் பின்னால் ஒட்டி வைத்து, எதிர்க்காற்றும் மழையும் படாமல் முன்பக்கமும் மேற்பக்கமும் மட்டும் தார்ப்பாய் போடுங்கள்; பக்கவாட்டுகள் திறந்திருக்கட்டும். காற்றோட்டம் வேறு, காற்றடி வேறு. நனைந்த கோழி எதிர்க்காற்றில் விறைத்துவிடும்.

பஸ் என்றால் ஏறுவதற்கு முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுவது மரியாதை. 2018-ல் கர்நாடகத்தில் அரசு பஸ்ஸில் கொண்டுபோன கோழிகளுக்கு அரை டிக்கெட் போட்டார்கள் என்று செய்தி வந்து ஊரே சிரித்தது. டிக்கெட் வாங்கினால் அதுவும் ஒரு பயணிதானே! ரயில் என்றால் சில நாள் முன்பே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் விவரம் கேட்டு, மருத்துவர் சான்றோடு பதிவு செய்யுங்கள். பையில் ஒளித்துப் பெட்டிக்குள் கொண்டுபோனால் கோழிக்கும் மூச்சு முட்டும், உங்களுக்கும் முட்டும்.

வழியில் கவனிக்க வேண்டியது

கிளம்பி அரைமணியில், அய்யலூர் தாண்டுவதற்குள், ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். திரும்பி வரவும் வழியிருக்கும். அப்புறம் திருச்சியில், பிறகு விழுப்புரம் பக்கம். டார்ச்சை நேராக அடிக்காமல் துணி போட்டு மங்கலாகக் காட்டுங்கள்.

வண்டி ஓடும்போது காற்று இருக்கும். நின்றால் காற்றும் நிற்கும். ஆகவே ஆபத்து நிற்கிற இடத்தில்தான். டீ குடிக்கிற பத்து நிமிஷமானாலும் கதவைத் திறந்து வையுங்கள், ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். பகலில் வெயிலில் நிறுத்திய கார் பற்றவைத்த அடுப்புதான்.

வாயைப் பிளந்து வேக வேகமாய் மூச்சு வாங்குவது, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொள்வது இரண்டும் வெக்கையின் முதல் எச்சரிக்கை. கொண்டை கறுத்து, கழுத்துத் தொங்கி, நிற்க முடியாமல் போனால் ஆபத்து நெருங்கிவிட்டது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தனியாக வையுங்கள். சாதாரணத் தண்ணீரில் கொண்டை, தாடி, கால்களை நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. சோர்ந்த கோழியின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அப்போதே முடிந்தது. அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், தெளிந்தால் தானே குடிக்கும்.

போய்ச் சேர்ந்த பின்...

இறக்கியதும் முதலில் தண்ணீர். ஒரு லிட்டரில் ஒரு கை வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சமாய்த் தீனி. புதுவீட்டுக் கூண்டுக்குள்ளேயே நாலைந்து நாள் வைத்திருங்கள். "இதுதான் நம்ம வீடு" என்று மனசில் பதிந்த பிறகு திறந்துவிட்டால் சாயங்காலம் தானே வந்து அடையும். முதல் நாளே திறந்துவிட்டால் யார் வீட்டு மதிலிலோ தேட வேண்டியதுதான்.

அங்கே ஏற்கெனவே கோழி இருந்தால் மூன்று நாலு வாரம் ஒன்றாக விடாதீர்கள். தீனிப் பாத்திரமும் தனி. பார்வைக்கு நன்றாக இருக்கிற கோழியும் நோயைச் சுமந்து வரலாம், அங்கே இருப்பதிலிருந்து இதற்கும் ஒட்டலாம். ஒரு வாரம், பத்து நாள் முட்டை நின்றுபோனால் பயப்படாதீர்கள். நமக்கே இடம் மாறினால் தூக்கம் வர நாலு நாள் ஆகிறதே!

கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காரில் குழந்தையையும் கோழிக் கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். காய்ந்த எச்சத் தூசியும் அதிலுள்ள கிருமியும் குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு கொண்டுவரும். கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பால் பாட்டிலைத் தொடுங்கள். இறக்கி வைத்த கூண்டு அடுப்படிக்குள் வரவேண்டாம். கோழிக்கு முத்தம் கொடுக்கிற பிள்ளைகளை அடிக்காமல், "அதுக்குத் தூக்கம் வருதுப்பா" என்று சொல்லித் தள்ளி வையுங்கள்.

அடுத்த தெரு அக்காவின் மகள் மறுபடியும் கோழி கேட்டாள். இந்தத் தடவை மார்கழியில், ராத்திரி, நாலே நாலு, திறந்த மூங்கில் கூடையில். "பட்டினியா அனுப்புறோமே, பாவம்" என்று அக்காவுக்குக் கடைசிவரை மனசு கேட்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான் கம்புப் படியைப் பிடுங்கி வைத்தோம். நாலும் போய்ச் சேர்ந்தன. தை பிறந்து முதல் முட்டையைப் பேரன் கையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

கடிதம் எழுதிய தங்கச்சி, உங்களுக்கு மாற்றல் கோடையில்தான் வருகிறது போலிருக்கிறது. பள்ளிக்கூடச் சாமானோடு, அண்டா குண்டாவோடு கோழியையும் ஒரே லாரியில் திணிக்காதீர்கள். வீடு ஒழுங்கானதும் ஒரு மழை பெய்து பூமி குளிரட்டும். அதுவரை அம்மா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விட்டுவையுங்கள். ஆறையும் மூன்று மூன்றாய் இரண்டு கூண்டில், ராத்திரியில் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் எத்தனை முட்டை இட்டது என்று எழுதிப் போடுங்கள். எல்லோரும் காத்திருப்போம்.